ஆறு அங்குல மணல்

ஏழாவது தண்ணி. இன்னமும் கலங்கலாத்தான் போகுது. அரிசின்னா மூணு தண்ணியில தெளிஞ்சிடும், உளுந்துன்னா தோல் போற வரைக்கும் அஞ்சு, இது என்ன எழவு மணலோ, கையை விட்டுக் கிளறக் கிளற வெள்ளையா கக்கிக்கிட்டே இருக்கு. ரெண்டு தண்ணி போதும் அக்கா, அதுக்கு மேல கழுவினா பொடியெல்லாம் ஓடிப்போயி மணல் குறைஞ்சிடும்னு வளர்ப்பு மீன் கடை ரிஸ்வான் பாய் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. கேட்டாத்தானே நான். உன்னை விட்டா சோப்பையே சோப்பு போட்டுக் கழுவுவேம்மான்னு தாரிணி சொல்லுவா. நல்லாத்தான் சொன்னா. சொல்லிட்டுப் போயிட்டா, நாலு வருஷம் ஆச்சு, நான் இன்னும் கழுவிக்கிட்டுதான் இருக்கேன். மணி பதினொண்ணு இருக்குமா? குழாயை மூடு கோமளா. போதும். இளங்கோ போன் பண்ணி முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. மாமாவுக்கு டிஸ்சார்ஜ் எழுதிட்டாங்கக்கா, பேப்பர் எல்லாம் கை மாறி வரணும், மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுறேன், நீ அலைய வேணாம்னான். கூடப் பொறந்த தம்பி, நல்ல பிள்ளை. நான் வீட்டைத் துடைச்சு வைக்கணும்டா, நீயே கூட்டிட்டு வந்துடுன்னு சொல்லிட்டேன். கட்டின புருஷன் நெஞ்சு வலியில விழுந்து, ரத்தக் குழாய்க்குள்ள ஸ்டென்ட் வச்சு, ஒம்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வர்றாரு, பெண்டாட்டி போயி கூட்டிட்டு வராம பாத்ரூம்ல உக்காந்து மணல் கழுவுறா. மூணு மணிக்கு அவரு வருவாரு. வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம நேரா மீன் தொட்டிகிட்டதான் போவாரு. அங்க பொடிமாஸ் நீந்திக்கிட்டு இருக்கணும். இருக்க மாட்டான்.

குண்டானைத் தூக்கும்போது முதுகில ஒரு இழுப்பு. தூக்கு. இப்படியே பதினாலு நடை நடந்தா ஆச்சு, ரெண்டு மூட்டை மணல், ஒரு மூட்டை இருபது கிலோ. தொட்டி ரெண்டடிதான், ஹால்ல அவரு நாற்காலிக்கு எதிர்ல, ஆனா அடியில ஆறு அங்குலத்துக்கு மணல் வேணுமே, அது தின்னும். முதல் குண்டானைச் சாய்ச்சேன். வெறும் கண்ணாடித் தரையில மணல் விழுற சத்தம். வாணலியில ரவை கொட்டுற மாதிரி. பொத்துனு கொட்டக் கூடாது, மூலையில இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா நிரவணும். கண்ணாடியில வலது ஓரத்தில அந்தக் கோடு இருக்கு, சிவப்பு நகப்பாலிஷ். தாரிணி போட்டது. அளவுகோலை வச்சு ஆறு அங்குலம் அளந்து, தன் நகத்துக்குப் போட்டுக்கிட்டிருந்த பாலிஷையே எடுத்து ஒரு இழுப்பு இழுத்தா, இதுவரைக்கும் மணல், அப்பா, ஒரு நூல் குறையக் கூடாதுன்னா. போன வாரம் தொட்டியைக் காலி பண்ணிக் கம்பி நாரால தேய்க்கும்போது கை அந்தக் கோட்டு மேல போயிடுச்சு. பாதி நாரு பட்டு, ஓரம் கொஞ்சம் பேர்ந்து வந்துச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஒண்ணைக் கொன்னது பத்தாதா உனக்கு, இதையும் தேய்க்கிறியேன்னு வாய்விட்டே திட்டிக்கிட்டேன். பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும். கேக்கட்டும். இந்த வீட்டுல அவளுக்குப் போட்டோ கிடையாது. மாலை போட்டு மாட்ட வேணாம்னுட்டாரு அவரு. தொட்டி இருக்கே, போதும்னாரு. சொந்தக்காரங்க வந்தா தேடுவாங்க, சுவத்தைச் சுத்திச் சுத்திப் பாப்பாங்க, எங்க தணிகாசலம் பொண்ணு படம்னு கேப்பாங்க. அவரு தொட்டியைக் காட்டுவாரு. அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, அழகா இருக்கு மீனுன்னுவாங்க.

அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலை இது. பன்னண்டாவது பரீட்சை முடிஞ்ச லீவுல, அவளுக்குப் பதினேழு வயசு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பனும் மகளும் ஸ்கூட்டர்ல கொளத்தூர் மீன் கடைகளைச் சுத்துவாங்க. சாதாரணத் தண்ணி மீன் வாங்கிட்டு வருவாங்கன்னு பாத்தா கடல் மீனாம், உப்புத் தண்ணியாம், கல்லாம், அதுல ஒட்டிக்கிட்டு ஆடுற கடல் சாமந்தியாம். ஏண்டி, கடல்ல இருக்கிறது கடல்ல இருந்துட்டுப் போகுது, வில்லிவாக்கத்துல அதுக்கு என்ன வேலைன்னேன். மணல் போட்ட அன்னிக்கு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு பாடம் எடுத்தா. மேல ஒரு அங்குலத்துக்குக் காத்து போகும்மா, அங்க கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒரு கூட்டம் இருக்கும். கீழ போகப் போகக் காத்தே கிடையாது, அங்க வேற கூட்டம், அதுங்களுக்குக் காத்து வேணாம். தண்ணியில சேர்ற அழுக்கை அதுங்கதான் தின்னு தீர்க்கும். நீ ஒண்ணுமே பண்ண வேணாம். ஒண்ணும் பண்ணாம இருக்கணும், அதான் கஷ்டம், அதுவும் உனக்கு ரொம்பக் கஷ்டம், அதனால இப்பவே சொல்றேன், மணலைத் தொடாத. சத்தியம் பண்ணு. பண்ணினேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன், அவ தலையிலயே.  புது மணலுக்குப் பழைய தொட்டியில இருந்து ஒரு கப் மணல் வாங்கிப் போடணும், அது இவங்களுக்குள்ள ஒரு வழக்கம். பழைய மணல்ல இருக்கிற புழு பூச்சியெல்லாம் புதுசுல குடியேறுமாம். நீ உறைக்கு மோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போறேல்ல, அதேதான்னா. கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதாம். இவ தொட்டி நல்லா வந்தப்புறம் எத்தனை பேர் வந்து வாங்கிட்டுப் போனாங்க. ரிஸ்வான் பாய் கடை வச்சிருக்காரு, அவரு வீட்டுத் தொட்டிக்கே இவ குடுத்த மணல்தான். நான் இப்ப அவருகிட்ட ஒரு கப் கேக்கணும். கேக்க வாய் வரல. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுக் கேக்குறது.

ஆறாவது குண்டான். இடுப்பு விட்டுப்போச்சு. மூச்சு வாங்குது, கொஞ்சம் தண்ணி குடிக்கலாம். தண்ணி. போன திங்கக்கிழமையும் தண்ணிதான் குடுத்தேன். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கூடவே இருந்துட்டு, குளிச்சு மாத்துத்துணி எடுத்துட்டுப் போலாம்னு வீட்டுக்கு வந்தேன். மீனுக்குத் தீனி போடும்மா, பொடிமாஸுக்குச் சின்னதா கிள்ளிப் போடுன்னு அவரு வயர் ஒட்டின மார்போட சொல்லி அனுப்பிச்சாரு. போட்டேன். பொடிமாஸ் வந்து தின்னான். ஆரஞ்சும் வெள்ளையுமா விரல் நீளம், குட்டியில மஞ்சளா இருந்தான்னு தாரிணி வச்ச பேரு, ஒம்பது வருஷம் ஆச்சு அவன் வந்து. அப்பத்தான் கண்ணாடி ஓரமா மணலுக்கு அடியில பாத்தேன், கருப்பா ஒரு திட்டு. அடிபிடிச்ச பாத்திரத்துல இருக்குமே, அந்தக் கருப்பு. இதுக்கு முன்னாடியும் பாத்திருக்கேன், ஆனா அன்னிக்குக் கண்ணை உறுத்திச்சு. வீடு சுத்தமா இருக்கணும்மா, அவருக்கு எந்த இன்ஃபெக்‌ஷனும் வரக்கூடாதுன்னு டாக்டரம்மா காலையிலதான் சொல்லியிருந்தாங்க. அவரு தெனம் முகத்தை வச்சுக்கிட்டு உக்கார்ற இடம். போயி கரண்டியை எடுத்துட்டு வந்தேன். குழம்புக் கரண்டி, நீளக் காம்பு. காம்பால நல்லா அடி வரைக்கும் குத்திக் கிளறி விட்டேன், கருப்பு மேல வரட்டும், அப்புறம் மொண்டு எடுத்துடலாம்னு. முட்டை அழுகின நாத்தம் வந்துச்சு. குபுகுபுன்னு குமிழி, அடியில அடைஞ்சிருந்த விஷக்காத்துன்னு அப்புறம்தான் ரிஸ்வான் பாய் சொன்னாரு. பாத்தியா எவ்வளவு அழுக்குன்னு நெனைச்சேன். பெருமையா நெனைச்சேன், கடவுளே. குளிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்னு போயிட்டேன். தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தா கூட இருந்த நீல மீனு ரெண்டும் மல்லாந்து கிடக்கு. கடல் சாமந்தி தொங்கிப்போச்சு. பொடிமாஸ் மட்டும் மேல வந்து வாயை வாயைத் திறக்கிறான். மூச்சு முட்டுது பிள்ளைக்குன்னு ஓடிப்போயி ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டுவந்து ஊத்தினேன். யாருக்கு மூச்சு முட்டினாலும் தண்ணிதானே குடுப்போம். அவன் உப்புத் தண்ணியில வாழுறவன், குழாய்த் தண்ணி அவனுக்கு விஷம்னு அந்த நிமிஷம் தோணல. ஒம்பது வருஷம் பாத்தவளுக்குத் தோணல. நான் பாக்கப் பாக்க ஒரு பக்கமா சாஞ்சான்.

கிளறினது நான். தண்ணி ஊத்தினதும் நான். முருங்கை மரத்தடியில குழி தோண்டி வச்சதும் நான்தான், பழைய துணியில சுத்தி. மணலைச் சாக்குல கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டேன். அந்த மணல்லதான் அவ கை பட்டிருந்துச்சுன்னு வண்டி தெரு முனை திரும்பினதுக்கு அப்புறம்தான் உறைச்சுது. பின்னாடியே ஓடினேன், ஈரத் தலையோட, நைட்டியோட. வண்டி போயிடுச்சு.

மறுநாள் ஆஸ்பத்திரியில அவரு கண்ணு முழிச்சுக் கேட்ட மொதல் கேள்வி, பொடிமாஸ் தின்னானா. தின்னான்ங்கன்னேன். சட்டுனு வந்துடுச்சு, யோசிக்கவே இல்ல. எப்படித் தின்னான், மேல வந்தா, கீழ விழுந்ததைப் பொறுக்கினானா? மேல வந்துதான் தின்னான்ங்க. அவரு சிரிச்சாரு. அதிர்ச்சியான விஷயம் எதுவும் இப்போதைக்குக் காதுல போடாதீங்கம்மான்னு டாக்டரம்மா வெளியில கூப்பிட்டுச் சொல்லியிருந்தாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? புதன்கிழமையும் கேட்டாரு, புதன்கிழமையும் தின்னான்னேன். அன்னிக்கு மத்தியானம்தான் கொளத்தூர் போயி ரிஸ்வான் பாய் கடையில நின்னேன். எதுக்கு அக்கா இவ்வளவு மணலு, சாரு எப்படி இருக்காருன்னாரு. எல்லாத்தையும் கொட்டிட்டேன். கடையில ஆளுங்க நிக்கிறாங்கன்னுகூடப் பாக்காம அழுதேன். சாருகிட்ட மூச்சு விடக் கூடாது பாய், அல்லா மேல ஆணையா சொல்லுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். பாவம், அவரு கண்ணுலயும் தண்ணி. மணல் தர்றேன், உப்பு தர்றேன், ஆனா மீன் தர மாட்டேன்னுட்டாரு. புது மணல்ல உடனே மீன் விட்டா ரெண்டு நாள் தாங்காது அக்கா, ஒரு மாசமாவது போகட்டும்னாரு. மணல் முழுசா உசுரு பிடிக்க ஆறு மாசம். ஆறு மாசமா? எனக்குத் திங்கக்கிழமை மூணு மணி வரைக்கும்தானே இருக்கு.

வியாழக்கிழமை அவரு கேக்கல. கேண்டீனுக்குப் போயிட்டு வந்தேன், பெஞ்சு மேல ஒரு பை நிறைய சாத்துக்குடி, யாரு வந்தாங்கன்னேன். மின்வாரியத்துல கூட வேலை பாத்தவன்னாரு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் பதிலைத் தயாரா வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், இன்னிக்கு ரெண்டு தடவை தின்னான்னு சொல்லலாம்னு. கேக்கல. வெள்ளிக்கிழமையும் கேக்கல. அப்பாடான்னு இருந்துச்சு மொதல்ல. அப்புறம் குடைய ஆரம்பிச்சுது. ஏன் கேக்கல? ஒம்பது வருஷத்துல ஊருக்குப் போனாக்கூட தெனம் போன் போட்டுக் கேக்குற மனுஷன். மறந்துட்டாரா? மயக்க மருந்துல நெனைவு ஏதாவது? இல்ல, நல்லாத்தான் பேசுறாரு, நர்ஸ் பொண்ணுகிட்ட எந்த ஊருன்னு விசாரிக்கிறாரு, சாம்பார்ல உப்பில்லைங்கிறாரு. இதை மட்டும் கேக்கல. கேக்காம இருக்கிறது அவருக்குப் புதுசு இல்ல. அந்தப் புதன்கிழமையைப் பத்தி நாலு வருஷமா அவரு ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரி, அது வேணாம் இப்ப. பத்தாவது குண்டானா, பதினொண்ணா? எண்ணிக்கை விட்டுப்போச்சு. மணலைத் தட்டி நிரவு. மூலையில மேடு நிக்குது பாரு.

பக்கெட்டுல அவன் இருக்கான். புது ஆளு. பிளாஸ்டிக் பையில, ரப்பர் பேண்டு போட்டு, குட்டி மோட்டார் காத்து விட்டுக்கிட்டு இருக்கு. ரிஸ்வான் பாய் தராட்டி என்ன, நேத்து ஞாயித்துக்கிழமை, வேற கடைகளைச் சுத்தினேன். பொடிமாஸுக்கு இடது பக்கம் நடு வெள்ளைப் பட்டை பாதியில அறுந்திருக்கும், பொறப்புலயே அப்படி. அறுந்த பட்டை, அறுந்த பட்டைன்னு கேட்டு நாலு கடை ஏறி இறங்கினேன், பொண்ணு பாக்கப் போனவ மாதிரி ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கடைசியில ஒருத்தன் கிடைச்சான். பட்டை அறுந்துதான் இருக்கு, ஆனா வலது பக்கம். இந்தப் பக்கமா நீந்தினா இவன் யாரோ, அந்தப் பக்கமா நீந்தினா பொடிமாஸ். சிரிப்பு வருது. அவரு கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாப்பாரு, மங்கலா இருக்கட்டும்னு கண்ணாடியை அலமாரியில ஒளிச்சு வைக்கலாமான்னுகூட யோசிச்சேன். இந்த வயசுல இந்தப் புத்தி. இவனை மூணு மணிக்கு உள்ள விட்டா நாளைக்கு வரைக்கும் இருப்பான். ரெண்டு நாள். அதுக்குள்ள அவரு உடம்பு கொஞ்சம் தேறிடும். அப்புறம் தானா செத்துட்டான்னு சொல்லிக்கலாம், வயசாயிடுச்சுங்க அவனுக்குன்னு சொல்லலாம். பையைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். என்னையே பாக்குறான். என்னடா பாக்குறே.

ஜுரம் செவ்வாய்க்கிழமை ராத்திரியே வந்துடுச்சு தாரிணிக்கு. வேணாம்னாலும் அங்கதான் போய் நிக்குது. நிக்கட்டும். புதன்கிழமை காலையில தொட்டுப் பாத்தேன், நூத்தி ரெண்டு இருக்கும். அம்மா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குதும்மா, டாக்டர்கிட்ட போலாமான்னா. சாதாரண ஜுரம்டி, நிலவேம்பு வச்சித் தரேன், சாயங்காலம் பாக்கலாம்னேன். அன்னிக்கு என்ன வேலை எனக்கு? போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் ஊற வச்சிருந்தேன். ஜுரம் வந்த துணி, கிருமி இருக்கும்னு வெந்நீர்ல அலசினேன். மூணு தண்ணி, நாலு தண்ணி. ரெண்டு தடவை கூப்பிட்டா. இதோ வரேண்டின்னு கத்தினேன், கையில சோப்பு. போயி கஷாயமும் தண்ணியும் குடுத்தேன். மூச்சு முட்டினவனுக்கு ஊத்தின மாதிரி குடம் குடமா குடுத்தேன். சாயங்காலம் கொஞ்சம் வேர்த்துச்சு, விட்டுடுச்சு பாத்தியான்னேன். வியாழக்கிழமை காலையில ஈறுல ரத்தம். அப்புறம் ஆஸ்பத்திரி, டெங்கு, பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த ரத்தம் இருக்கா அந்த ரத்தம் இருக்கான்னு அவரு அலைஞ்சது. சனிக்கிழமை முடிஞ்சிடுச்சு. இருபத்திரெண்டு வயசு. ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தான்னு அந்தச் சின்ன டாக்டர் ஆரம்பிச்சான், பெரியவரு அவனைப் பாத்த பார்வையில நிறுத்திட்டான். நான் கேட்டுட்டேன். அவரும் கேட்டாரு, என் பக்கத்துலதான் நின்னாரு. வீட்டுக்கு வந்து என்னைப் போட்டு அடிப்பாரு, ஏண்டி புதன்கிழமையே சொல்லலன்னு தலைமுடியைப் பிடிச்சு உலுக்குவாருன்னு காத்திருந்தேன். கருமாதி வரைக்கும் காத்திருந்தேன். கேக்கல. கேட்டிருந்தா அழுது தீர்த்திருப்பேன். கேக்காம தொட்டிக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. நாலு வருஷமா நானும் அந்தப் பேச்சைத் தொடல, அவரும் தொடல.

பதினாலாவது. அவ்வளவுதான், குண்டான் காலி. கரண்டியால, இல்ல, கரண்டி வேணாம், உள்ளங்கையால நிரவினேன். கோட்டைப் பாத்தேன். எட்டல. சுத்தி வந்து பாத்தேன், குனிஞ்சு பாத்தேன், முழுசா ஒரு விரல் குறையுது. ஏழு தண்ணியில பாத்ரூம் ஓட்டையில போனது அந்த ஒரு விரல். அட பாவி. ரிஸ்வான் பாய் சொன்னாரா இல்லையா? சொன்னதைக் கேட்டிருக்கியா என்னிக்காவது? மணி ஒண்ணே முக்கால், இனிமே எங்க போயி மணல் வாங்குறது. சரி, தண்ணியை ஊத்து. நேத்தே டிரம்முல உப்புக் கரைச்சு வச்சது. மணல் மேல பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு அதுக்கு மேல சொட்டுச் சொட்டா விடணும், இல்லாட்டி குழி விழும். சொம்பு சொம்பா மொண்டு விட்டேன். அப்படியும் கலங்கிடுச்சு. தொட்டி முழுக்க வெள்ளையா, ஒண்ணும் தெரியல. கல்லை வச்சேன், மோட்டாரைப் போட்டேன், விளக்கைப் போட்டேன். கலங்கல்ல மீன் எந்தப் பக்கம் நீந்தினாலும் தெரியாதே, நல்லதுதான்னு ஒரு நெனைப்பு ஓடிச்சு. 

போன் அடிச்சுது. இளங்கோ. தெரு முனைக்கு வந்துட்டோம்க்கா. மணி மூணேகால். கை ஈரத்தோட ஓடிப்போயி பையை எடுத்தேன். தொட்டியில மிதக்க விட்டேன், ரப்பர் பேண்டுல விரலை மாட்டினேன். ஒரு இழுப்பு இழுத்தா போதும். அவன் பைக்குள்ள ஒரு சுத்துச் சுத்தினான், வாயைத் திறந்து மூடினான். பொடிமாஸ் கடைசியா திறந்த மாதிரியே. வெளியில கார் கதவு சத்தம். இழு கோமளா. அவனைக் கொன்னது தெரியாம. இவனைக் கொன்னா தெரிஞ்சு. அவரு கண்ணு முன்னாடியே, அவருக்காகன்னு சொல்லிக்கிட்டு.  முடியல. என்னால முடியலடா சாமி. பையை வெளிய எடுத்துத் திரும்பப் பக்கெட்டுல போட்டேன். புடவைத் தலைப்புல கையைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தா வாசல்ல நிக்கிறாரு. இளங்கோ முழங்கையைப் பிடிச்சிருக்கான். சட்டை தொளதொளன்னு இருக்கு, ஒம்பது நாள்ல இப்படி இளைப்பாங்களா. கையில தயிர் டப்பா மாதிரி ஒரு டப்பா, மூடி போட்டது, மார்போட அணைச்சுப் பிடிச்சிருக்காரு.

"நேரா வீட்டுக்குப் போலாம்னா மாமா கேட்டாத்தானேக்கா. கொளத்தூர் போயிட்டுதான் போகணும்னு ஒரே பிடிவாதம்"னு இளங்கோ அலுத்துக்கிட்டான். மருந்துச் சீட்டை மேஜை மேல வச்சிட்டு, வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்னு போயிட்டான். அவரு செருப்பைக் கழட்டல. நேரா போயி நாற்காலியில உக்காந்தாரு. வெள்ளையா கலங்கிக் கிடக்கிற தொட்டியைப் பாத்தாரு. அப்புறம் பக்கெட்டைப் பாத்தாரு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். டாக்டரம்மா சொன்னது காதுல கேக்குது. கேக்கட்டும்.

"என்னங்க."

"ம்."

"பொடிமாஸ் செத்துட்டான். எல்லாம் செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். கரண்டிக் காம்பால மணலைக் கிளறிட்டேன். நீங்க கேட்டப்பெல்லாம் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்போ?"

"வியாழக்கிழமை. ரிஸ்வான் வந்திருந்தான். சத்தியம் வாங்கிட்டாங்க சார், ஆனா சொல்லாம இருக்க முடியலன்னு அழுதான்."

சாத்துக்குடி. மின்வாரியத்துல கூட வேலை பாத்தவன்.

"அதனாலதான் அப்புறம் கேக்கலையா?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொல்ல வராது கோமளா. மூஞ்சி கோணிக்கும். பாக்கச் சகிக்காது."

உக்காந்துட்டேன், அவரு காலடியில, ஈரத் தரையிலயே. அழுகை வரும்னு பாத்தா வேற என்னமோ வந்துச்சு வாயில. நான் நெனைக்கவே இல்ல அதைச் சொல்லணும்னு.

"அந்தப் புதன்கிழமையே கூட்டிட்டுப் போயிருக்கணுங்க. போலாமான்னு கேட்டா. நான்தான் சாயங்காலம் பாக்கலாம்னேன். துணி அலசிக்கிட்டு இருந்தேன். ஏங்க நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல? நாலு வருஷம். ஒரு வார்த்தை."

 அவரு டப்பா மூடியை நகத்தால நெம்பி நெம்பி விட்டாரு, திறக்கல, சும்மா நெம்பினாரு.

"நான் எப்படிக் கேப்பேன்? அன்னிக்கு நானும் வீட்லதான் இருந்தேன். லீவு போட்டுட்டு. அவ கூப்பிட்டது எனக்கும்தான் கேட்டுச்சு."

"நீங்களா?"

"இந்தத் தொட்டிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருந்தேன். பாதியில விட்டா மீன் செத்துடும், முடிச்சிட்டுப் போலாம்னு."

நான் அவரு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டேன். அவரு என் தலை மேல கையை வச்சாரு.  நாலு வருஷமா இவரு இந்த நாற்காலியில உக்காந்து மீனைத்தான் பாக்குறாருன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேனே. கலங்கல் கொஞ்சம் கீழ இறங்கியிருந்துச்சு. சிவப்புக் கோடு தெரிஞ்சுது.

"ஒரு விரல் குறையுதே"ன்னாரு.

"ஏழு தண்ணி கழுவினேன்."

"சோப்பு போடலையே?"

சிரிச்சாரு, நெஞ்சைக் கையால பிடிச்சுக்கிட்டு. எனக்கும் வந்துச்சு, மூக்கு ஒழுகிக்கிட்டே. அப்புறம்தான் டப்பாவைத் திறந்து காட்டினாரு. தயிர் இல்ல. ஈர மணல், மேல ரெண்டு விரல் உப்புத் தண்ணி. ரிஸ்வான் பாய் வீட்டுத் தொட்டியில இருந்து. அன்னிக்குத் தாரிணி அவருக்குக் குடுத்த மணல்தான். போய்க் கேட்டேன், இல்லைன்னு சொல்லக் கூடாதே, குடுத்தான்னாரு. அவரு கையில ஊசி போட்ட இடத்துல பிளாஸ்திரி, நனைக்கக் கூடாதாம். நீயே போடுன்னாரு. நானா? நீதான். அந்த மீனையும் ரிஸ்வான்கிட்டயே விட்டு வைப்போம், ஆறு மாசம் போகட்டும்னாரு. ஆறு மாசத்தை அவரு சாதாரணமா சொன்னாரு. நான் அவரு சட்டையைப் பாத்தேன், தொளதொளன்னு இருந்ததை.

டப்பாவைத் தண்ணிக்குள்ள இறக்கினேன். மெதுவா, மெதுவா, அடி வரைக்கும் கொண்டு போ, இப்பச் சாய்ன்னு பக்கத்துல இருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. வெள்ளை மணல் மேல சாம்பல் நிறத்துல ஒரு கை அளவு பரவிச்சு. நூல் மாதிரி ஒரு புழு நெளிஞ்சு அப்படியே உள்ள போச்சு. கோட்டுக்கு எட்டல, இன்னும் குறைச்சல்தான். அப்படியே இருக்கட்டும், இனிமே தொடாதேன்னாரு. சரின்னேன். கையை வெளிய எடுத்தேன். விரலிடுக்குல மணல் ஒட்டியிருந்துச்சு. கழுவப் போகாம அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.